பிலிப்பைன்ஸில் அமெரிக்கா ஆழமாகப் பதிந்தது பள்ளிக்கூடத்திலா, சுங்கச் சட்டத்திலா?

சுவடிக்கூடம் (இழையைத் தொடங்கியவர்)

முன்னூறு ஆண்டுகள் கன்னிமடத்திலும் ஐம்பது ஆண்டுகள் ஹாலிவுட்டிலும் வாழ்ந்தவர்கள் பிலிப்பினோக்கள் என்று அந்நாட்டிலேயே வழங்கும் ஒரு பழைய கேலி உண்டு. கேட்பதற்குச் சுவையாக இருந்தாலும், அந்தக் கேலி ஒரு முழுப் போரையே விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் குறை. ஆகவே இந்த இழையை அந்தப் போரிலிருந்தே தொடங்குகிறேன்.

1898 ஜூன் 12 அன்று கவித்தே மாகாணத்தின் கவித் என்னும் ஊரில் எமிலியோ அகினால்டோ நாட்டின் விடுதலையை அறிவித்தார். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, ஸ்பானியரும் அமெரிக்கரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒப்புக்கு ஒரு சண்டை நடத்தி மணிலா நகரைக் கைமாற்றிக்கொண்டார்கள். நகரை வளைத்து நின்ற பிலிப்பினோப் படைக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. அந்த டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 2 கோடி டாலருக்குத் தீவுகள் அமெரிக்கா வசம் சென்றன. 1899 பிப்ரவரி 4 அன்று புதிய ஆண்டையோடு போர் மூண்டது. 1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்த பிறகும் தெற்கே முஸ்லிம் மோரோக்களின் பகுதியில் சண்டை பத்தாண்டு அளவுக்கு நீடித்தது.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 1901 ஜனவரியில் இயற்றப்பட்ட 74ஆம் எண் சட்டம், பொதுப்பள்ளிகளை நிறுவி ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. அந்த ஆகஸ்டில் 'தாமஸ்' என்னும் இராணுவக் கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கினார்கள். கப்பலின் பெயராலேயே அவர்களைத் தாமஸைட்டுகள் என்று இன்றும் அன்போடு குறிப்பிடுகிறார்கள். அவர்கள் வந்த அடுத்த மாதமே, செப்டம்பர் 28 அன்று, சாமார் தீவின் பலங்கிகா ஊரில் மக்கள் அமெரிக்க முகாமைத் தாக்கி 48 வீரர்களைக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்க அனுப்பப்பட்ட ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் ஏந்தக்கூடிய பத்து வயதுக்கு மேற்பட்ட எவரையும் கொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டார். பின்னர் நடந்த இராணுவ விசாரணையில் அவருக்குக் கிடைத்தது ஒரு கண்டிப்பும் கட்டாய ஓய்வும் மட்டுமே.

ஒரே ஆண்டில், ஒரே தீவுக்கூட்டத்தில், ஒரு கையில் பாடநூலும் மறுகையில் துப்பாக்கியும் இருந்தது தற்செயல் அன்று. பள்ளிகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கப் பரிந்துரைத்த இராணுவ ஆளுநர் ஆர்தர் மெக்கார்தர், அதை இராணுவ நடவடிக்கைக்குத் துணையான ஏற்பாடு என்றே எழுத்தில் வைத்தார். 1907 முதல் 1919 வரை பிலிப்பினோக் கொடியை ஏற்றுவதே சட்டப்படி குற்றமாக இருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பள்ளியில் சேர்ந்த ஒரு தலைமுறை, தன் கொடியைப் பார்க்காமலே வேறொரு கொடிக்கு வணக்கம் சொல்லி வளர்ந்தது. ஆப்பிளையும் பனிப்பொழிவையும் பற்றி ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த அந்தப் பிள்ளைகள்தாம், பெரியவர்களான பின் அமெரிக்க ஆட்சியைப் படையெடுப்பாக அல்லாமல் கொடையாக நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்கத் தாக்கங்களில் ஆழமானது பள்ளிக்கூடம்தான் என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சான்றோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கரும்புத்தோட்டம்

ஐயா எடுத்து வைத்த நிகழ்வுகளில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மறுப்பு.

பள்ளி அவ்வளவு ஆழமாகப் பாய்ந்திருந்தால் பிள்ளைகள் அதில் தங்கியிருக்க வேண்டும். 1925இல் பால் மன்றோ தலைமையில் அமெரிக்கர்களே நடத்திய ஆய்வு, பெரும்பாலான பிள்ளைகள் நான்காம் வகுப்பைத் தாண்டவில்லை என்றும், வீட்டில் பேசாத மொழியில் படிப்பதால் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள் என்றும் கண்டது. நான்கு வகுப்புப் படித்துவிட்டு வயலுக்குத் திரும்பியவரின் வாழ்க்கையை மாற்றியது ஆங்கிலப் பாடநூல் என்று எப்படிச் சொல்வது? அவர் எந்தப் பயிரை யாருடைய நிலத்தில் எவ்வளவு கூலிக்கு வளர்த்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பானியத் துறவியர் சபைகளிடம் இருந்த ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர் நிலத்தை அமெரிக்க அரசு 1903இல் 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. புரட்சிக்கே அந்த நிலங்களின் குத்தகைக் கொடுமை ஒரு பெருங்காரணம். உழுதவர்களுக்கே நிலத்தைக் கொடுப்பதுதான் நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஆனால் வட்டியோடு தவணை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உழுதவர்களில் எத்தனை பேரால் தாங்க முடியும்? நிலத்தில் பெரும்பகுதி வசதி படைத்தோரிடமே போய்ச் சேர்ந்தது. பொதுநிலத்தைப் பொறுத்தவரை ஒருவர் 16 ஹெக்டேருக்கு மேலும் ஒரு நிறுவனம் 1,024 ஹெக்டேருக்கு மேலும் வாங்கக் கூடாது என்று 1902ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. துறவியர் நிலம் பொதுநிலம் ஆகாது என்று பொருள்கொண்டு, மிந்தோரோ தீவில் ஏறத்தாழ 55,000 ஏக்கர் கொண்ட சான் ஹோசே பண்ணையை அப்படியே அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகள் கைக்குப் போகவிட்டார்கள். வாஷிங்டனில் விசாரணை நடந்தது. நிலம் போனது போனதுதான்.

அடுத்தது சுங்கம். 1909ஆம் ஆண்டுச் சட்டமும் 1913ஆம் ஆண்டுச் சட்டமும் இரு நாடுகளுக்கிடையே வரியில்லா வணிகத்தைத் திறந்துவிட்டன. பிலிப்பைன்ஸின் சர்க்கரை, தேங்காய் எண்ணெய், அபாகா நார் ஆகியவற்றுக்கு உலகிலேயே பெரிய சந்தை கிடைத்தது என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. மறுபக்கம், அமெரிக்கத் தொழிற்சாலைப் பொருள்களும் வரியில்லாமல் உள்ளே வந்தன. உள்ளூரில் ஒரு தொழில் முளைத்தெழ இடமே இருக்கவில்லை. 1930களில் நாட்டின் ஏற்றுமதியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரே நாட்டை நம்பியிருந்தது. நெக்ரோஸ் தீவில் கரும்பைத் தவிர வேறு எதையும் நினைக்க வேண்டிய தேவையே பண்ணையாருக்கு இல்லை. அமெரிக்கா வேரூன்றியது இந்த இடத்தில்தான்.

மணிலாவாசி

இருவரும் பெரிய செய்திகளைப் பேசுகிறீர்கள். நான் மணிலாவில் குடியிருப்பவள் என்பதால், எங்கள் தெருமுனையில் உள்ள, சரிசரி என்று அழைக்கப்படும் சிறு மளிகைக் கடையின் அலமாரியைப் பற்றி எழுதுகிறேன். கரும்புத்தோட்டம் சொன்ன சுங்கச் சட்டம் அங்கே தகர டப்பா வடிவில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கடைக்கார அம்மா, வலையில் வெட்டிய சிறு சதுரத்தின் வழியாகப் பொருளை நீட்டுவார். சரஞ்சரமாக ஷாம்பு, காப்பித்தூள் பொட்டலங்கள் தொங்கும். சிகரெட்டும் பூண்டும் ஒன்றொன்றாகக் கிடைக்கும். பின்சுவரில் சுண்டக் காய்ச்சிய பால், இனிப்புச் சேர்த்த கெட்டிப் பால், கார்ன்ட் பீஃப், ஸ்பாம், பழக்கலவை ஆகியவற்றின் டப்பாக்கள். வெப்பநாட்டில் கறவை மாடும் குளிர்பதனமும் அரிதாக இருந்த காலத்தில் வரியில்லாமல் வந்திறங்கிய டப்பாப் பால், இன்று பிறந்தநாள் இனிப்பிலிருந்து ஹாலோ ஹாலோ என்னும் ஐஸ் இனிப்பு வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. ஹாலோ ஹாலோவையே எடுத்துக்கொள்ளுங்கள்: பயற்றை வெல்லப்பாகில் ஊறவைத்து விற்றவர்கள் போருக்கு முந்தைய ஜப்பானியக் கடைக்காரர்கள், ஐஸ் கிடைக்கச் செய்தது 1902இல் அமெரிக்க அரசு மணிலாவில் கட்டிய ஐஸ் ஆலை, மேலே ஊற்றும் பால் டப்பாப் பால். இவற்றோடு ஊதாநிறக் கிழங்கையும் இளந்தேங்காயையும் சேர்த்துக்கொண்டவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

ஆனால் வந்ததை அப்படியே விழுங்கியவர்கள் என்று இவர்களை நினைத்துவிடாதீர்கள். மரியா ஓரோசா என்னும் பத்தாங்காஸ் மாகாணப் பெண் 1916இல் அமெரிக்காவுக்குச் சென்று சியாட்டிலில் மருந்து வேதியியல் படித்தார். அங்கேயே வேலை கிடைக்கும் நிலையிலும் தாய்நாடு திரும்பி, இறக்குமதி உணவை நம்பியிருக்கும் நிலையை உடைப்பதையே தம் பணியாக்கிக்கொண்டார். தக்காளி சரியாக விளையாத நாட்டில் வாழைப்பழத்தில் கெட்சப் செய்யும் முறை அவருடையது. ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது அவர் உருவாக்கிய சோயா மாவு போர்க்கைதிகளுக்கு உயிர்காத்த உணவானது. 1945 பிப்ரவரியில் மணிலா நகரப் போரில் குண்டுவீச்சுக்கு அவர் பலியானார். இன்று ஜாலிபீ கடையில் குழந்தைகள் கேட்டு அடம்பிடிக்கும், ஹாட்டாக் துண்டுகள் மிதக்கும் இனிப்பான ஸ்பகெட்டி வாழைப்பழக் கெட்சப் இல்லாமல் இல்லை. இத்தாலியர் எவராவது பார்த்தால் கண்ணீர் விடுவார். நானும் முதலில் முகம் சுளித்தவள்தான், இப்போது வீட்டில் செய்கிறேன்.

அங்கெலஸ் நகரத்தின் சிசிக் வேறு கதை. பக்கத்திலிருந்த கிளார்க் விமானத்தளத்தின் சமையற்கூடம் பன்றித்தலையை ஒதுக்கிவிடும். அதை மலிவாக வாங்கி, சுட்டு, நறுக்கி, வெங்காயமும் கலமான்சிச் சாறும் சேர்த்து இரும்புத் தட்டில் பரிமாறியதிலிருந்து இன்றைய சிசிக் பிறந்ததாக ஊரார் சொல்கிறார்கள். மிளகாய் சேர்த்துக் கேட்டால் தருவார்கள்.

வழிப்போக்கன்

இவையெல்லாம் உலகமயமாக்கலின் விளைவுகள் அல்லவா? டப்பா உணவும் துரித உணவும் இன்று எந்த நாட்டில்தான் இல்லை? எல்லாவற்றையும் காலனியத்தின் கணக்கில் எழுதுவது சரியாகப் படவில்லை.

பந்தாட்டக்காரன்

வழிப்போக்கன் அவர்களே, காலக்கணக்கைப் பார்த்தால் உங்கள் ஐயம் தீரும். கூடைப்பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸில் 1910களிலேயே அது பள்ளிப் பாடத்திட்டத்தில் இருந்தது, கொண்டுவந்தவர்கள் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பினரும் அமெரிக்க ஆசிரியர்களும். முதலாவது தூரகிழக்கு விளையாட்டுப் போட்டி 1913இல் மணிலாவில் நடந்தபோது அதை ஏற்பாடு செய்தவரும் ஒய்.எம்.சி.ஏ.வின் எல்வுட் பிரௌன்தான். சூதாட்டத்திலிருந்தும் சேவற்சண்டையிலிருந்தும் இளைஞர்களை மீட்டு ஒழுக்கம் கற்பிப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். சேவற்சண்டை அசையவில்லை. கூடைப்பந்தும் கூடவே ஒட்டிக்கொண்டது.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸ் ஐந்தாம் இடம். ஐந்து ஆட்டங்களில் அவர்கள் தோற்றது ஒன்றில் மட்டும், அதுவும் அமெரிக்காவிடம். 1954 உலகப் போட்டியில் வெண்கலம். 1975இல் ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அங்கேதான் தொடங்கியது. உயரம் குறைந்த மக்கள் உயரத்தையே நம்பிய விளையாட்டுக்கு இப்படி உயிரை விடுவதைப் பற்றி அவர்களே நகைச்சுவையாகப் பேசிக்கொள்வார்கள். தென்னை மரத்தில் ஆணியடித்த பலகையும் வளைந்த இரும்பு வளையமும் இல்லாத ஊர் அரிது. ரப்பர்ச் செருப்போடு ஆடுவார்கள். ஒவ்வொரு பரங்காய் (ஊராட்சி) நிர்வாகமும் கட்டும் கூரைபோட்ட ஆடுகளம்தான் புயல் வந்தால் தங்குமிடம், ஊர்க்கூட்டத்துக்கு மண்டபம். தேர்தலுக்கு முன்பு அந்தக் கூரையில் யாருடைய பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே உள்ளூர் அரசியல் விளங்கிவிடும்.

கைப்பந்தில் எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. ஒருவர் பந்தை உயரத் தூக்கிவிட, மற்றொருவர் எம்பி அடித்து இறக்கும் முறை 1916 வாக்கில் பிலிப்பைன்ஸில் உருவாகி, அங்கிருந்து விளையாட்டின் தாயகத்துக்கே சென்றது.

தாவோவில்_மகள்

இந்த விவாதம் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருக்குப் பணத்தோடும் காலத்தோடும் தொடர்புடையது என்பதால் எழுதுகிறேன். என் மகள் மருத்துவம் படிக்க அங்கே சென்றவள். தாவோ நகரத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு பேர் என்பதை அங்கே இட்லி மாவு விற்கும் வீடுகளைக் கொண்டே கணக்கிடலாம்.

சேரும்போது எங்களுக்கு விளங்காத ஒன்று, ஏன் நேராக மருத்துவப் படிப்பில் சேர்க்காமல் முதலில் ஓர் அறிவியல் இளநிலைப் படிப்பில் உட்கார வைக்கிறார்கள் என்பது. முகவர்கள் அதை ஒரு சடங்கு என்பதுபோலக் கடந்துபோனார்கள். உண்மையில் அது அமெரிக்க முறை: முதலில் ஒரு பட்டம், பிறகு தகுதித் தேர்வு, அதன்பின் நான்கு ஆண்டு எம்.டி. என்னும் அடிப்படை மருத்துவப் பட்டம். பிரிட்டன் வழியில் அமைந்த நம் எம்.பி.பி.எஸ். அமைப்போடு இது பொருந்தாது. 2021 நவம்பரில் நம் நாட்டு மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகள், வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நடைபெற வேண்டும் என்றன. நான்கு ஆண்டு எம்.டி. 48 மாதம்தான், முன்படிப்பைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். ஆறு மாத வித்தியாசத்தில் எத்தனையோ குடும்பங்களின் கணக்கு தலைகீழானது. என் மகள் அதற்கு முன்பே சேர்ந்திருந்ததால் தப்பினோம்; எங்களோடு பேசிக்கொண்டிருந்த இன்னொரு குடும்பம் பாதியில் மகனை அழைத்துக்கொண்டு வேறு நாட்டுக்கு மாற்றியது.

இரண்டு பேரரசுகள் இரண்டு நாடுகளில் விட்டுச்சென்ற பாடத்திட்டங்கள் மோதிக்கொண்டதில் நடுவே நின்றவர்கள் நாங்கள் என்பதைப் பின்னால்தான் ஒரு பேராசிரியர் விளக்கினார். ஆங்கிலத்தில் பாடம் நடப்பதால்தான் பிள்ளைகளை அங்கே அனுப்பினோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெண்சீருடை

அம்மா சொன்னதன் தொடர்ச்சி செவிலியர் படிப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். நான் வளைகுடா மருத்துவமனையில் பிலிப்பினோச் செவிலியரோடு பணிபுரிந்தவள்.

இலோயிலோ நகரில் அமெரிக்கத் திருச்சபையினர் 1906இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார்கள். பாடத்திட்டம் அமெரிக்காவுடையது, மொழி ஆங்கிலம். அன்றைய நோக்கம் உள்ளூரில் நோயைக் கட்டுப்படுத்துவதுதான். 1902இல் பரவிய காலராவில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். ஆனால் அமெரிக்க மருத்துவமனைக்கு அப்படியே பொருந்தும் செவிலியரை ஆயிரக்கணக்கில் உருவாக்கி வைத்தபின், கதவைத் திறப்பது மட்டுமே பாக்கி. 1948இல் அமெரிக்கா தொடங்கிய பரிமாற்றப் பார்வையாளர் திட்டம் கதவைப் பாதி திறந்தது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் முழுவதும் திறந்தது. கொரோனாக் காலத்தில், அமெரிக்கச் செவிலியரில் ஏறத்தாழ 4 விழுக்காடாக உள்ள பிலிப்பினோக்கள், இறந்த செவிலியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்ததை அங்குள்ள செவிலியர் சங்கம் வெளியிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இரவுப் பணியிலும் அவர்களே நிறைந்திருந்ததை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

ஆண்களுக்குக் கடற்படை. 1947ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவத் தள ஒப்பந்தத்தின்படி பிலிப்பினோக் குடிமக்களை அமெரிக்கக் கடற்படையில் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் 1970கள் வரை அவர்களுக்குக் கிடைத்தது அதிகாரிகளுக்குச் சமைத்துப் பரிமாறும் பணியே. பட்டதாரிகளும் அந்தப் பணிக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு சம்பளத்தில் ஊரில் மூன்று வீடு நிற்கும்.

வாய்தா

தொழில்முறை வழக்குரைஞன் என்பதால் யாரும் தொடாத பக்கத்தைத் தொடுகிறேன். அமெரிக்கச் சட்டம் அங்கே எதையெல்லாம் மாற்ற முடியவில்லை என்பதும் இந்த விவாதத்துக்கு வேண்டும்.

இன்று வத்திக்கானை விட்டுவிட்டால், மணமுறிவுக்குப் பொதுச்சட்டம் இல்லாத ஒரே நாடு பிலிப்பைன்ஸ். முஸ்லிம்களுக்கு மட்டும் 1977ஆம் ஆண்டு முதல் தனிச்சட்டம் உண்டு. ஆனால் அமெரிக்கர் காலத்தில், 1917இல், மணமுறிவுச் சட்டம் இருந்தது! மனைவியின் பிறன்மனைத் தொடர்பு, கணவனின் வைப்புத் தொடர்பு என்னும் காரணங்களுக்கு மட்டும், அதுவும் குற்றம் நிரூபிக்கப்பட்ட பிறகு. விடுதலைக்குப் பின் 1950இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத் தொகுப்பு அதை நீக்கிவிட்டது. ஐம்பதாண்டு ஆட்சியின் சட்டத்தை முன்னூறாண்டுத் திருச்சபை, ஆண்டவர்கள் போன நான்கே ஆண்டில் துடைத்துவிட்டது. தீவுகளைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொண்டு வந்த புராட்டஸ்டண்ட் சபைகளின் நிலையும் இதுதான். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் கத்தோலிக்கரே.

பெண்களின் வாக்குரிமை நிலைத்தது. ஆனால் அது மேலிருந்து வந்த பரிசு அன்று. 3 லட்சம் பெண்கள் ஆதரவாக வாக்களித்தால்தான் தருவோம் என்று 1935ஆம் ஆண்டு அரசியலமைப்பு நிபந்தனை விதித்தது. 1937 ஏப்ரல் 30 அன்று 4,47,725 பெண்கள் ஆம் என்று வாக்களித்தார்கள். ஆண்களிடம் இப்படி ஒரு நிபந்தனையை எந்த நாடாவது கேட்டதுண்டா என்பது என் வீட்டம்மாவின் கேள்வி.

நிலத்தைப் பற்றிக் கரும்புத்தோட்டம் சொன்னதோடு ஒரு வழக்கையும் சேர்க்கிறேன். வெயிலுக்குப் பயந்த அமெரிக்க அதிகாரிகள் பெங்கெட் மலைமேல் பாகியோவைக் கோடைத் தலைநகராக்கினார்கள். நகர வரைபடம் சிகாகோவின் டேனியல் பர்ன்ஹாமுடையது. அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த இபலோய் இனத் தலைவர் மத்தேயோ கரிஞோவின் நிலத்தை, பத்திரம் இல்லை என்று சொல்லி அரசு எடுத்துக்கொண்டது. அவர் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போனார். நினைவுக்கு எட்டிய காலம் முதல் தனியுடைமையாக அனுபவித்த நிலம் ஒருபோதும் அரசுநிலமாக இருந்ததில்லை என்று 1909இல் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பளித்தார். அதற்குள் கரிஞோ இறந்துவிட்டார். 1997இல் இயற்றப்பட்ட பழங்குடியினர் உரிமைச் சட்டத்தில் மூதாதையர் நிலம் பற்றிய கொள்கை அந்தத் தீர்ப்பின் வழியில் வந்ததுதான். ஆகவே அமெரிக்கச் சட்டம் என்றாலே பறிப்பு என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது.

சுவடிக்கூடம்

வாய்தா அவர்களின் பதிவு இழையின் தரத்தை உயர்த்தியது. கரும்புத்தோட்டத்துக்கு என் பதில்.

நான்காம் வகுப்போடு நின்றவர்கள் பெரும்பாலோர் என்பது உண்மையே. ஆனால் ஒரு நாட்டின் நினைவை எழுதுபவர்கள் நின்றுவிட்டவர்கள் அல்லர், தொடர்ந்து படித்தவர்கள். 1903 முதல் அரசுச் செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட பென்ஷனாதோக்கள் திரும்பிவந்து துறைத் தலைவர்களாகவும் நீதிபதிகளாகவும் பேராசிரியர்களாகவும் அமர்ந்தார்கள். சுங்கச் சட்டத்தை எதிர்த்துப் பேச வேண்டியவர்களே அதை எழுதியவர்களின் மாணவர்களாக இருந்ததால்தான் அந்தச் சட்டம் எதிர்ப்பின்றி நின்றது. வரலாற்றாசிரியர் ரெனாதோ கான்ஸ்டாண்டினோ 1960களில் வைத்த குற்றச்சாட்டின் சாரம் இதுவே.

இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின்கீழ் போரிட்ட பிலிப்பினோ வீரர்களுக்கு உறுதியளித்திருந்த சலுகைகளில் பெரும்பாலானவற்றை 1946இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் பறித்தது. 2009இல்தான் உயிரோடிருந்த முதியவர்களுக்கு, அமெரிக்கக் குடிமக்களாயின் 15,000 டாலர், அல்லாதவர்களாயின் 9,000 டாலர் என்று ஒரே தவணையாகக் கொடுத்தார்கள். சாமாரிலிருந்து எடுத்துச்சென்ற பலங்கிகா தேவாலய மணிகள் 2018 டிசம்பரில்தான் திரும்பின. இத்தனைக்கும் பிறகு, 2014இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது பிலிப்பினோக்களில் 92 விழுக்காட்டினர் அமெரிக்கா மீது நல்லெண்ணம் தெரிவித்தார்கள். சர்க்கரை விலை இதை விளக்குமா? பள்ளியில் விதைத்ததுதான் விளக்கும்.

கரும்புத்தோட்டம்

விளக்கும் ஐயா, சர்க்கரை மட்டும் தனியாக அல்ல.

1946 ஜூலை 4 அன்று விடுதலை கொடுத்த கையோடு பெல் வணிகச் சட்டத்தையும் கொடுத்தார்கள். பெசோவின் மதிப்பு டாலருக்கு இரண்டு என்று கட்டப்பட்டது. அமெரிக்கர்கள் அந்நாட்டின் இயற்கை வளங்களைக் குடிமக்களுக்குச் சமமாகப் பயன்படுத்த அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்றார்கள். போரில் மணிலா தரைமட்டமாகி, ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்திருந்த வேளை அது. 500 டாலருக்கு மேற்பட்ட போர்ச்சேத இழப்பீடு இந்த ஒப்புதலோடு பிணைக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்தில் தேவையான வாக்கு தேறாது என்று தெரிந்ததும், உழவர் ஆதரவோடு வென்றிருந்த ஜனநாயகக் கூட்டணியின் உறுப்பினர்களைப் பதவியில் அமரவே விடவில்லை. அங்கே எதிர்ப்பு இருந்தது. அதற்கு நாற்காலி இல்லை. பள்ளி எல்லாரையும் இணங்க வைத்துவிட்டது என்றால் அந்த உறுப்பினர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

சலுகை வணிக ஒப்பந்தம் 1974இல் காலாவதியானது. அடுத்த பத்தாண்டில் உலகச் சர்க்கரை விலையும் விழ, நெக்ரோஸில் பண்ணைக் கூலிகள் பட்டினியில் வீழ்ந்தார்கள். பாகோலோத் நகர மருத்துவமனையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த குழந்தைகளின் படங்கள் உலகச் செய்தியாயின. கரும்பைத் தவிர வேறொன்றும் நடாத மண்ணில் அதற்குமேல் போக வழி கடல்கடந்துதான் இருந்தது.

நீங்கள் சொன்ன 92 விழுக்காட்டைக் குடும்பங்களுக்கு வரும் டாலரோடு சேர்த்துப் படியுங்கள். ஏனென்றால் அதே மக்களின் செனட் 1991 செப்டம்பர் 16 அன்று, அதிபர் கொரசோன் அக்கினோவே தெருவில் இறங்கி ஆதரவு கேட்டும், தள ஒப்பந்தத்தை 12க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது. பினதூபோ எரிமலைச் சாம்பலில் புதைந்த கிளார்க்கை அமெரிக்கர் ஏற்கெனவே கைவிட்டிருந்தார்கள். சுபிக் கடற்படைத் தளத்திலிருந்து 1992 நவம்பரில் கடைசிக் கப்பல் கிளம்பியது. இன்று தென்சீனக் கடல் பதற்றத்தால் ஒன்பது இடங்களில் அமெரிக்கப் படை சுழற்சி முறையில் தங்க அனுமதி உண்டு. அன்பும் எதிர்ப்பும் நிலைமையைப் பார்த்தே நடந்திருக்கின்றன.

வழிப்போக்கன்

ஒரு சிறு கேள்வி. ஜீப்னி என்னும் பயணிகள் வண்டியை எந்தக் கணக்கில் எழுதுவது? அமெரிக்க இராணுவம் விட்டுச்சென்ற ஜீப்பை நீட்டிக் கட்டியதுதானே?

மணிலாவாசி

தொடக்கம் அதுதான். போருக்குப்பின் மலிவாகக் கிடைத்த ஜீப்புகளை நீட்டி, எதிரெதிரே இரு பலகை இருக்கை போட்டு, கூரை அமைத்து ஓட்டினார்கள். ஜீப்புகள் தீர்ந்ததும் லாஸ் பிஞாஸில் சாராவ் போன்ற பட்டறைகள் தகட்டை வளைத்து முழு உடலையும் தாங்களே கட்டின. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜப்பானின் பழைய டீசல் எஞ்சின். காசைக் கையோடு கை மாற்றி ஓட்டுநருக்கு அனுப்புவதும், சில்லறை அதே வழியில் தவறாமல் திரும்பி வருவதும் எந்த நாட்டிலிருந்தும் இறக்குமதியானவை அல்ல.

2017இல் தொடங்கிய அரசின் நவீனமயத் திட்டத்தின்படி இவற்றை நீக்கிப் புதிய சிற்றுந்துகளை வாங்க வேண்டும். பல மாதிரிகளின் விலை 20 லட்சம் பெசோவைத் தாண்டுகிறது. தனியாக ஓட்டியவர்கள் கூட்டுறவிலோ நிறுவனத்திலோ சேர்ந்தாக வேண்டும் என்று 2024 ஏப்ரல் இறுதியைக் கெடுவாக வைத்தார்கள். மேடையில் பேசுபவர்கள் பண்பாட்டுச் சின்னம் அழிகிறது என்கிறார்கள். நான் தினமும் ஏறும் வண்டியின் ஓட்டுநரிடம் கேட்டால், சின்னத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வண்டிக் கடனின் மாதத் தவணை எவ்வளவு, ஒரு நாள் வசூலில் டீசல் போக எவ்வளவு நிற்கும் என்பதை மட்டும் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

கரும்புத்தோட்டம்

அவர் கணக்கை இங்கே எழுத முடிந்தால் எழுதுங்கள் அம்மா. துறவியர் நிலத்தின் தவணை நிபந்தனைகளை என் குறிப்புகளிலிருந்து எடுத்துத் தருகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.